இதற்கு முன் இது யாருக்குப் போய்க்கொண்டிருந்தது?

செடிகொடிகளிலிருந்து பொருள் செய்யும் ஆலைகளுக்குச் சூழல் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பெட்ரோலியத்துக்குப் பதில் மக்காச்சோளத்திலிருந்து பிளாஸ்டிக், வைக்கோலிலிருந்து எத்தனால், பழைய எண்ணெயிலிருந்து டீசல், கரும்புச் சக்கையிலிருந்து தட்டு என்று யாராவது ஒன்றைச் செய்துகொண்டே இருப்பார்கள். வயலில் தொடங்கிக் குப்பையில் முடியும்வரை அதற்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு உரம், எவ்வளவு புகை என்று எண்ணி எக்செல் கோப்பில் நிரப்புவேன். ஆயுள் சுழற்சி மதிப்பீடு என்பது முழுப் பெயர். நாங்கள் எல்.சி.ஏ. என்போம். அதற்கென்று ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என இரண்டு தரவிதிகள் உண்டு, 2006இல் வந்த பதிப்புகள். தூக்கம் வராதவர்கள் படிக்கலாம்.

கோப்பின் முதல் வரி மூலப்பொருள். அந்தக் கட்டத்தைப் பல வாடிக்கையாளர்கள் எனக்கு வேலையே வைக்காமல் அவர்களே நிரப்பி அனுப்பிவிடுவார்கள்: பூஜ்ஜியம். "இது கழிவு மேடம். சும்மா கிடந்தது." கழிவு என்று ஒத்துக்கொண்டால், அதை வளர்க்கப் போட்ட உரம், தண்ணீர், டிராக்டருக்கு ஊற்றிய டீசல் எல்லாம் தானியத்தின் தலையில் விழும். கழிவு ஒரு பாவமும் சுமக்காமல் ஆலைக்குள் நுழையும். இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டமே, கழிவுக்கும் எச்சத்துக்கும் அவற்றைச் சேகரிக்கும் இடம்வரை உமிழ்வு பூஜ்ஜியம் என்றுதான் வைத்திருக்கிறது. கணக்கு எங்காவது ஓரிடத்தில் தொடங்கித்தானே ஆக வேண்டும்.

ஆனால் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் வருவதற்கு முன் இது யாருக்குப் போய்க்கொண்டிருந்தது? உயிருள்ள எதிலிருந்தும் வந்த பொருள் சும்மா கிடக்காது. மாடு தின்னும், புழு தின்னும், பூஞ்சை தின்னும், மண் தின்னும். இல்லை, யாரோ ஒருவர் அடுப்பில் வைத்து எரித்திருப்பார். நாம் எடுத்தால் அவர்களில் ஒருவருக்குக் குறையும். அந்தக் குறையை அவர் எதைக் கொண்டு நிரப்பப்போகிறார் என்பதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது.

வைக்கோலை எடுத்துக்கொள்வோம். வைக்கோலில் ஓடும் ஆலை ஒன்றின் முற்றத்தில் நின்றால் முதலில் கண்ணில் படுவது போர். சதுரக் கட்டுகளாக வீடு உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள், நடுவில் தீயணைப்பு வண்டி போக இடைவெளி விட்டு. லாரியில் வரும் கட்டுக்குள் நீளமான ஊசி ஒன்றைக் குத்தி ஈரம் பார்ப்பார்கள். 20 சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து. உள்ளே நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பித்துவிடும், கட்டு சூடாகும், நாளடைவில் போரே தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் நான் போகும் இடத்திலெல்லாம் பார்க்க விரும்புவது போரை இல்லை, கட்டைப் பிரித்து உதறும் இயந்திரத்தின் அடிப்பக்கத்தை. அங்கே ஒருவர் மண்வாரியோடு நிற்பார். ஷிஃப்ட் முடியும்போது கன்வேயருக்குக் கீழே குவிந்திருப்பதை வாரித் தள்ளுவார். அவர் வாருவது தூசி என்று கணக்கில் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் மண். கறுப்பாக, வேர்த்துணுக்குகளோடு, வயலின் மேல்மண். கட்டு கட்டும் இயந்திரம் தரையைச் சுரண்டி எடுத்து வந்தது. வெட்டும் கத்திகளை மழுங்கடிப்பதும் அதுதான் என்று பராமரிப்பு ஆட்கள் திட்டுவார்கள். அந்த மண்ணுக்கு என் கோப்பில் ஒரு வரி போடலாமா என்று கேட்டால், மேலாளர்கள் சிரிப்பார்கள்.

மண்ணோடு போவது மட்டுமல்ல, வைக்கோலோடும் சத்து போகிறது. ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ நைட்ரஜன், 12 முதல் 17 கிலோ பொட்டாசியம், கொஞ்சம் பாஸ்பரஸ், 40 கிலோவுக்குக் குறையாமல் சிலிக்கா இருக்கும். வயலில் விட்டிருந்தால் இவையெல்லாம் மெதுவாகத் திரும்பியிருக்கும். எடுத்துப்போனால் உழவர் உரக்கடைக்குப் போக வேண்டும். நைட்ரஜன் உரம், காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஹேபர்–பாஷ் முறையில் இயற்கை எரிவாயுவைக் கொண்டோ நிலக்கரியைக் கொண்டோ செய்வது. வயலில் போட்ட பிறகு அதிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு சூடேற்றும் வாயு. பெட்ரோலியத்தை விட்டுவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, பின்வாசல் வழியாக எரிவாயுவை உள்ளே கூட்டி வந்திருக்கிறோம். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான் இது. தேங்காய் மண்ணினுடையது.

இதைச் சொன்னால் "அப்படியானால் வைக்கோலைத் தொடவே கூடாதா" என்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அறுவடை முடிந்ததும் வயலிலேயே தீ வைக்கிற இடம் என்றால், வைக்கோல் முன்பு போய்க்கொண்டிருந்தது புகைக்கு. அங்கே எடுத்துப்போவது புண்ணியம். தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலில் வைக்கோலை மடக்கி உழுதால், காற்றில்லாத சேற்றில் அது அழுகி மீத்தேன் கிளம்பும். அங்கேயும் ஒரு பங்கை எடுப்பது நல்லதாக முடியலாம். மேட்டு நிலத்தில், கரிமச்சத்து ஏற்கெனவே தேய்ந்துபோன மண்ணில், அதே டன் வைக்கோலை எடுப்பது வேறு சங்கதி. மண்ணின் கார்பன் ஓரிரு ஆண்டில் காட்டிக்கொடுக்காது என்பதுதான் இதில் தொல்லை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பால்க் என்ற கோதுமை வயல் 1843 முதல் பரிசோதனையில் இருக்கிறது. ஆண்டுதோறும் தொழுவுரம் போட்ட பாத்தியில் மண்ணின் கார்பன், ஒன்றும் போடாத பாத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த வித்தியாசம் பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஓர் ஆலையின் கடன் தவணையோ பத்துப் பதினைந்து ஆண்டில் முடிந்துவிடும்.

மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க அமெரிக்காவில் பெரும் செலவில் ஆலைகள் வந்தன. அயோவாவின் எம்மெட்ஸ்பர்க்கிலும் கான்சஸின் ஹ்யூகோடனிலும் 2014இல், அயோவாவிலேயே நெவாடா என்ற ஊரில் 2015இல். நெவாடா ஆலை டூபாண்ட் கட்டியது. 2017இலேயே அதை மூடுவதாக அறிவித்தார்கள். மற்ற இரண்டும் நிலைக்கவில்லை. காரணங்கள் பல: என்சைம் விலை, பெட்ரோல் விலை, அரசுக் கொள்கை. ஆனால் வயலில் சும்மா கிடந்ததாக எல்லோரும் நினைத்த அந்தத் தட்டையைக் கட்டி, ஏற்றி, காயவைத்து, மண் உதறி ஆலை வாயில்வரை கொண்டுவருவதற்குள் அது சும்மா கிடைத்த பொருளாக இல்லை என்பதும் அவற்றில் ஒன்று. நெவாடா ஆலையைப் பிறகு வாங்கிய ஜெர்மன் நிறுவனம் எத்தனாலை ஓரமாக வைத்துவிட்டு, அதே தட்டையிலிருந்து எரிவாயு எடுக்கப் போனது. அது எனக்குப் பிடித்த திருப்பம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சோற்றுக்கும் ஆலைக்கும் நடக்கும் இந்த இழுபறி ஏதோ இந்த நூற்றாண்டில் வந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்குக் கார்டைட் வெடிமருந்து செய்ய அசிட்டோன் என்ற கரைப்பான் தேவைப்பட்டது. கைம் வெய்ஸ்மன் என்ற வேதியியலாளர் (பின்னாளில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி ஆனவர்) ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, மாவுச்சத்தை நொதிக்கவைத்து அசிட்டோன் எடுத்துக் காட்டினார். மூலப்பொருள் மக்காச்சோளம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது: இருக்கிற தானியம் வயிற்றுக்கா, வெடிமருந்துக்கா? 1917இல் அரசு பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டது, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குதிரைச் செஸ்ட்நட் கொட்டைகளைப் பொறுக்கித் தரச் சொல்லி. மனிதர் தின்ன முடியாத கொட்டை, ஆகவே யாருடைய வாயிலிருந்தும் பிடுங்கியதாகாது. எதற்கு என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. போர் ரகசியம். மூட்டை மூட்டையாகக் குவிந்தது. ரயில் நிலையங்களில் ஒரு பகுதி அப்படியே அழுகிப் போயிற்று. கிங்ஸ் லின் ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததிலும் அசிட்டோன் சொற்பமாகத்தான் கிடைத்தது. சேகரிக்கும் பாடு, ஏற்றிச் செல்லும் பாடு, கெட்டுப்போவது, ஆலைக்குள் எதிர்பார்த்த அளவு வராதது: இன்றைக்கு என் மேசைக்கு வரும் கோப்புகளில் இருக்கும் தொந்தரவு அத்தனையும் 1917இலேயே இருக்கிறது. ஆனாலும் இந்தக் கதையில் அந்த அரசின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. இது யாருக்குப் போய்க்கொண்டிருந்தது என்ற கேள்வியை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பசி பக்கத்தில் நின்றதால் கேட்டார்கள்.

பசி தூரத்தில் இருக்கும்போது சட்டங்கள் அதைக் கேட்பதில்லை. அல்லது தாமதமாகக் கேட்கின்றன. 2008இல் சயன்ஸ் இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தபோது எங்கள் துறையில் பெரிய கலவரமே நடந்தது. ஒன்று டிமத்தி சர்ச்சிங்கர் குழுவுடையது. ஓரிடத்தில் மக்காச்சோளத்தை எத்தனாலுக்குத் திருப்பினால், இழந்த தானியத்தை ஈடுகட்ட வேறெங்கோ காடு உழப்படும், அந்தக் கார்பனும் இந்த எத்தனாலின் கணக்குதான் என்றார்கள். இன்னொன்று ஜோசப் ஃபார்ஜியோன் குழுவுடையது. இந்தோனேசியாவில் கரிமச் சதுப்புக் காட்டை அழித்துப் பனை எண்ணெய் டீசல் எடுத்தால், வெளியேறிய கார்பனை ஈடுசெய்ய 423 ஆண்டுகள் பிடிக்கும் என்று கணக்குக் காட்டியது. பல வருடச் சண்டைக்குப் பிறகு 2015இல் ஐரோப்பா, உணவுப் பயிர் எரிபொருள்களுக்குப் போக்குவரத்து எரிசக்தியில் 7 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. நல்லது. ஆனால் உடனே எல்லோரும் கழிவின் பக்கம் ஓடினார்கள். கழிவிலிருந்து வரும் எரிபொருளைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இலக்கில் இரட்டிப்பாக எண்ணிக்கொள்ளலாம் என்ற சலுகையும் சேர்ந்துகொண்டது.

விளைவை மாட்டுக் கொழுப்பில் பார்க்கலாம். இறைச்சிக்கூடக் கொழுப்பு நெடுங்காலமாகச் சோப்புக்கும், கொழுப்பு அமிலம் செய்யும் ஆலைகளுக்கும், தீவனத்துக்கும் போய்க்கொண்டிருந்த சரக்கு. அதை டீசலுக்குத் திருப்பினால் சோப்பு ஆலை மூடிக்கொள்ளப்போவதில்லை. கொழுப்பின் இடத்துக்கு ஒத்துவரும் பொருள் பனை எண்ணெய். எதைத் தவிர்க்க ஓடினோமோ அதன் வாசலிலேயே சுற்றிவளைத்து வந்து நிற்கிறோம். பழைய சமையல் எண்ணெயும் இதே வகைதான். ஐரோப்பாவில் மாட்டுப் பித்து நோய்க்குப் பிறகு, 2002இல் வந்த விதிகளின்படி உணவகத்து எண்ணெயைக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே அங்கே அது உண்மையிலேயே போக்கிடம் இல்லாத சரக்கு, டீசலாக்குவது சரி. அப்படித் தடை இல்லாத நாட்டில் அது தீவனம். அங்கிருந்து கப்பலில் வாங்கி வந்தால், தீவனக்காரர் வேறு எண்ணெய் தேடுவார். பொருள் ஒன்றுதான், வேதியியலும் ஒன்றுதான், கணக்கு மட்டும் இரண்டு. இதை ஒரு நிறுவனத்துக்கு விளக்கப்போய், "நீங்கள் எங்கள் எல்லைக்கு வெளியே போகிறீர்கள்" என்று ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். எல்லை என்பது எங்கள் தொழிலில் கலைச்சொல். எதுவரை எண்ணுவது என்று வரைகிற கோடு. வசதியாக இருக்கும் இடத்தில் வரைவார்கள்.

கரும்புச் சக்கைத் தட்டுகள் பற்றிப் பலரும் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கரும்பில் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் சக்கை, அதில் பாதி ஈரம். சர்க்கரை ஆலை அதை எறிவதில்லை. கொதிகலனில் எரித்துத்தான் தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுக்கிறது. நல்ல கொதிகலன் வைத்திருக்கும் ஆலையில் சக்கை மிஞ்சும். அதில் தட்டு செய்வதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பழைய கொதிகலன் ஆலை சக்கையை விற்றுவிட்டு நிலக்கரி வாங்கினால், அந்தத் தட்டில் நிலக்கரி இருக்கிறது. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு தட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மேலே எரிவாயு பிடிக்கும் என்றேன். காரணம் சாண எரிவாயுக் கலனின் அடியில் மிஞ்சும் குழம்பு. காற்றில்லாத கலனில் நுண்ணுயிர்கள் எடுத்து வெளியே விடுவது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும்தான். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கிட்டத்தட்ட முழுசாகக் குழம்பிலேயே தங்கும், வயலுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியாவது பழைய சொந்தக்காரருக்குத் திரும்புகிறது. ஆனால் இதையும் கெடுக்க முடியும் என்று ஜெர்மனி காட்டியது. சாணக் கரைசல் ஒரு டன்னுக்கு 25 கன மீட்டர் அளவுக்குத்தான் வாயு தரும். பசுந்தட்டையாக ஊறவைத்த மக்காச்சோளம் 200 தரும். 2004இல் ஆற்றல் பயிர்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் சட்டம் வந்ததும், உழவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்து, கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமாக விதைத்தார்கள். மாட்டுக்குப் போகும் நிலம் கலனுக்குப் போயிற்று, குத்தகை ஏறியது. 2012 சட்டத் திருத்தத்தில், புதிய கலன்களில் மக்காச்சோளமும் தானியமும் எடையில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கடிவாளம் போட வேண்டியதாயிற்று. குப்பையைத் தின்னக் கட்டிய கலனுக்குப் பசி அடங்காவிட்டால் அது பயிரைத் தின்னும். ஆலையின் கொள்ளளவை யார் முடிவு செய்கிறார்கள் என்று நான் எப்போதும் பார்ப்பேன். கிடைக்கும் கழிவுக்கு ஏற்ப ஆலை கட்டுபவர்கள் அபூர்வம். வங்கிக்கு ஏற்பக் கட்டிவிட்டுப் பிறகு கழிவு தேடுபவர்கள்தான் அதிகம்.

பூஜ்ஜியம் சரியாக இருக்கும் இடங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாவிட்டால் என்னை வயிற்றெரிச்சல்காரி என்பீர்கள். சீஸ் செய்யும்போது வடியும் தெளிநீரை, வே என்பதை, ஒரு காலத்தில் ஆற்றிலும் வயலிலும் கொட்டினார்கள். அதில் இருக்கும் லாக்டோஸைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரின் ஆக்சிஜனையெல்லாம் உறிஞ்சிவிடும், மீன் செத்து மிதக்கும். அது முன்பு போய்க்கொண்டிருந்தது ஆற்றுக்கு, ஆறு அதைக் கேட்கவில்லை. பிறகு சவ்வு வடிகட்டி வந்து புரதத்தைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்று அந்தப் புரதப்பொடிக்குச் சந்தையில் நல்ல விலை. விலை வந்துவிட்டதால், வேயைக் கழிவு என்று இப்போது எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூஜ்ஜியத்துக்கும் ஆயுள் உண்டு. குப்பைமேட்டுக்குப் போகும் உணவும் அப்படித்தான். 2022இல் மட்டும் வீடுகள், உணவகங்கள், கடைகள் சேர்ந்து 105 கோடி டன் உணவை வீணாக்கின, நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. மேட்டில் கிடந்து மீத்தேன் விடுவதை எடுத்துக் கலனில் போடுவதில் யாருக்கும் குறைவில்லை. தென்கொரியா 2005இலேயே உணவுக் கழிவைக் குப்பைமேட்டில் நேரடியாகக் கொட்டத் தடை போட்டு, தீவனம், உரம், வாயு என்று திருப்பிவிட்டது. ஆனாலும் ஒரு சின்ன நெருடல். முதலில் அந்த உணவு வீணாகாமல் இருந்திருக்கலாம். கலன் கட்டி இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்டவருக்கு அது நல்ல செய்தி இல்லை.

மக்கும் பிளாஸ்டிக் தட்டுகளும் கோப்பைகளும் இந்தக் கழிவோடு சேர்ந்து வருகின்றன. பாலிலாக்டிக் அமிலத்தில் செய்தவை பெரும்பாலும். ஐரோப்பியத் தரவிதி இ.என். 13432, ஆலைக் கம்போஸ்ட் சூட்டில், அதாவது 58 டிகிரி அளவில், ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்கிறது. வீட்டுத் தொட்டியில் அந்தச் சூடு வராது. வந்தாலும், அந்த அமிலத்தில் நைட்ரஜன் இல்லை, பாஸ்பரஸ் இல்லை. காற்றாகவும் தண்ணீராகவும் போய்விடும், மண்ணுக்கு உரமாக ஒன்றும் வைக்காது. ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சச் சோற்றைக் கலனுக்குக் கொண்டுசேர்த்தால், அந்த அளவில் பிரயோஜனம். அவ்வளவுதான்.

இப்போது மேசையில் இருப்பது பீர் ஆலையில் மிஞ்சும் மால்ட் சக்கை, அதாவது முளைகட்டிய தானியத்தின் சக்கை. நூறு லிட்டருக்கு ஏறக்குறைய இருபது கிலோ ஈரச் சக்கை வரும். உலர்ந்த எடையில் புரதம் ஐந்தில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேலும் இருக்கும். இதுவரை பக்கத்துப் பால் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒரு நிறுவனம் அதை மாவாக்கி ரொட்டியில் சேர்க்கப் போகிறது. கேட்க அழகாக இருக்கிறது. மாட்டின் வழியாகச் சுற்றி வராமல் புரதம் நேராக மனிதருக்கு. நானும் ஆர்வமாகத்தான் ஆரம்பித்தேன். மாட்டுக்கு ஈடு என்ன என்று பண்ணையில் கேட்டோம், சோயாப் புண்ணாக்கு என்றார்கள். அதைச் சேர்த்ததும் சூழல் கணக்கில் வந்த லாபம் பாதி கரைந்தது. சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர், இரண்டு நாளில் புளித்துவிடும். ஆகவே மாவாக்கும் முன் காயவைக்க வேண்டும். உலர்த்திக்கு எரிவாயு. அதையும் சேர்த்தபோது மீதிப் பாதியும் போயிற்று. பண்ணை பக்கத்தில் இருக்கும்வரை ஈரச் சக்கை மாட்டுக்கே போகட்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். பண்ணை தூரமாக இருக்கும் ஆலைகளுக்குக் கணக்கு மாறும். பீர் கொதிக்கவைக்கும் கலத்திலிருந்து வீணாகும் சூட்டை உலர்த்திக்குத் திருப்ப முடிந்தால் இன்னும் மாறும், அதற்கான குழாய் வரைபடத்தைக் கேட்டிருக்கிறேன்.